பார்க்கிங் கட்டணம் ஓர் ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு சின்னக் காரை நிறுத்துவதற்கு எங்களுக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது.

சிரிக்காதீர்கள். ஓட்டியது நான் இல்லை. முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். பத்துச் சக்கர வண்டியைப் பாரத்தோடு ஒரு குறுகல் சந்துக்குள் ரிவர்ஸிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கி டீ சொல்லுகிற மனிதர். என் அப்பா.

கார் என்னுடையதுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஆர்.சி. புத்தகம் என் பெயரில் இருக்கிறது. ஸ்டியரிங் அப்பா பெயரில் இருக்கிறது. நான் லைசென்ஸ் எடுத்தபோது பாராட்டினார், திருச்செங்கோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்... சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

சரி, சேலத்துக்கு எதற்குப் போனோம்?

என் தங்கை கௌசி வாலிபால் ஆடுகிறாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நாமக்கல் மாவட்டப் பெண்கள் அணியில் செட்டர். அதாவது, வருகிற பந்தை வாங்கி, அடிக்கிறவளுக்கு வாகாகத் தூக்கி வைத்துக் கொடுக்கிற வேலை. போன ஞாயிறு ஃபைனல். எதிரணி சேலம். இடம், நகரத்துக்கு நட்ட நடுவில் இருக்கும் விளையாட்டு அரங்கம். ஆட்டம் நான்கு மணிக்கு.

இதில் என்ன பெரிய சங்கதி?

இருக்கிறது. கௌசி ஆறு வருடமாக ஆடுகிறாள். அப்பா லாரியில் இருந்த வருடங்களில், ஊரில் இருப்பதே அபூர்வம். அப்படியும் மூன்று முறை அவள் ஆட்டத்துக்கு வந்திருக்கிறார். மூன்று முறையும் ஒரு பாயிண்ட்கூடப் பார்க்கவில்லை.

வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போங்க சாமி. நா வண்டியப் பாத்துக்கறேன்."

இந்த வாக்கியம் எங்கள் வீட்டில் ரொம்பப் பழசு. கல்யாண மண்டபத்தில், கோயில் தேரில், ஆஸ்பத்திரி வாசலில், என் பட்டமளிப்பு விழாவில்... நாங்கள் எல்லோரும் உள்ளே, அப்பா வண்டியில். கேட்டால் ஒரு கதை சொல்வார். எப்போதோ, எங்கேயோ வடக்கில், பத்தே நிமிடம் டீ குடிக்கப் போனாராம். திரும்பி வந்தால் ஸ்டெப்னி டயரைக் காணோமாம். அன்றோடு முடிந்தது. வண்டியை விட்டு ஆள் நகரக் கூடாது. ஓர் ஆளாவது இருந்தே ஆக வேண்டும்.

இப்போது லாரி இல்லை. பாரம் இல்லை. ஸ்டெப்னி டிக்கிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் ஆள் இருக்க வேண்டும்!

சனிக்கிழமை காலையில் கேம்ப்பிலிருந்து கௌசி போன் செய்தாள்.

"அக்கா, இந்த டீம்ல எனக்கு இதுதான் கடசி மேட்ச்சு. அடுத்த வருசம் வயசு தாண்டீரும். அப்பாவ உள்ள கூட்டீட்டு வா."

"வருவாருடி."

"வருவாருன்னு சொல்லாத. கூட்டீட்டு வா. வண்டியில உக்கார வெச்சுட்டு வர்றதா இருந்தா நீயும் வராத."

அக்காவுக்கு உத்தரவு. நான் களத்தில் இறங்கினேன்.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவளும் நான்தான். (இந்தப் பத்தியில் இதை எந்த வாரம் சொல்லாமல் விட்டிருக்கிறேன்? இதோ, இந்த வாரமும் சொல்லியாகிவிட்டது.) அப்பாவின் பிரச்னை என்ன? நம்பிக்கையான இடம் கிடைக்கவில்லை. அவ்வளவுதானே? நல்ல பார்க்கிங் கண்டுபிடித்துக் கொடுத்தால் நிம்மதியாக இறங்கி வந்துவிடுவார். உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். அரங்கத்தைச் சுற்றி ஐந்து இடங்கள். தூரம், கட்டணம், நடக்கும் நேரம், கேமரா உண்டா இல்லையா... கலர் பிரின்ட் எடுத்து அப்பாவிடம் நீட்டினேன்.

"நல்லா இருக்குது சாமி," என்றார். நான்காக மடித்தார். கார் கண்ணாடியைத் துடைத்தார்.

மூன்று மணிக்கே சேலம் வந்துவிட்டோம். முன் சீட்டில் நான், பின் சீட்டில் டிபன் பையோடு அம்மா.

முதல் இடம், அரங்கத்தின் உள்ளேயே. என் அட்டவணையில் 'கட்டணம் இல்லை' என்று பச்சை நிறத்தில் இருந்தது. கேட்டில் செக்யூரிட்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாஸ் இருக்குதுங்களா? வீரர்களா, நடுவரா, சிறப்பு விருந்தினரா?"

அம்மா கண்ணாடியை இறக்கினாள். "ஆடற புள்ளயப் பெத்தவிய."

"பெத்தவங்களுக்குப் பாஸ் கெடையாதுங்கம்மா."

"பெக்காட்டி உங்குளுக்கு மேட்ச்சே இல்லியே, கண்ணு?"

நியாயமான கேள்வி. செக்யூரிட்டி சிரித்தார். கேட்டைத் திறக்கவில்லை.

இரண்டாவது இடம், சாலையோரம். அட்டவணையில் இருந்த சாலையோரம் தரையில் இல்லை. சாக்கடை வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மூன்றாவது, ஒரு பெரிய ஹோட்டலின் பார்க்கிங். "சாப்பிடறவங்களுக்கு மட்டுங்க" என்றார் வாசலில் நின்றவர். சாப்பிட்டுவிடலாம் என்றேன் நான். பின் சீட்டில் டிபன் பை அசைந்தது. "காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு கட்டுச்சோறு கட்டீட்டு வந்தவ நானு. ஓட்டல்ல சாப்புடறவிய இப்பவே எறங்கிக்கலாம்." யாரும் இறங்கவில்லை.

நான்காவது என் அட்டவணையின் கதாநாயகன். அடுக்குமாடி பார்க்கிங். டோக்கன், கேமரா, ரசீது எல்லாம் உண்டு. மணிக்கணக்கில் கட்டணம். அப்பா வாசலில் வண்டியை நிறுத்தி, அந்தக் கட்டடத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார்.

"கார மாடில ஏத்தீட்டு நாம கீழ எறங்கறதா?"

"ஆமாங்ப்பா. ரொம்பப் பத்திரம். கேமரா இருக்குது."

"கேமரா பாக்கும். புடிக்குமா?"

நான் வாய் திறப்பதற்குள் முதல் கியர் விழுந்துவிட்டது. ஐந்தாவது இடத்தில் அதற்கு முந்தின வாரம் வரை காலி மைதானம் இருந்தது. அன்றைக்குப் பட்டாசு மாதிரிச் சத்தத்தோடு ஜேசிபி இருந்தது.

மணி மூன்று நாற்பத்தைந்து. கௌசி வார்ம்-அப் ஆரம்பித்திருப்பாள். அரங்கத்தை நாங்கள் நான்காவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். கோயில் பிரகாரமாக இருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும்.

அப்போதுதான் ஒரு குரல்.

"அண்ணா, வாங்கண்ணா! உள்ள எடமிருக்குது, நேரா வாங்க!"

அரங்கத்தின் பின்பக்கச் சுவருக்கு நேர் எதிரே ஒரு காலி மனை. ஒரு மூலையில் ஓட்டு வீடு, இன்னொரு மூலையில் புளிய மரம். வாசலில் ஒரு சிலேட்டு: பைக் இருபது, கார் நூறு. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கழுத்தில் விசில், தோளில் மஞ்சள் பை. பெயர் சரசக்கா என்று பிறகு தெரிந்தது. அரங்கத்தில் ஆட்டம் இருக்கும் நாளெல்லாம் அவருக்கு வியாபாரம். சாதாரண மேட்ச்சுக்குக் காருக்கு ஐம்பது. ஃபைனல் என்றால் நூறு. சினிமா டிக்கெட்டுக்குக்கூட இவ்வளவு நேர்மையாக விலை ஏற்ற மாட்டார்கள்.

அப்பா வண்டியை உள்ளே விட்டார். இடம் பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. சுவர் இருக்கிறது. ஆள் இருக்கிறது. சாலையிலிருந்து பார்வை படுகிறது. அப்பாடா!

சரசக்கா கையை நீட்டினார். "சாவியக் குடுத்துட்டுப் போங்கண்ணா."

"என்னது?"

"சாவிங்கண்ணா. உள்ள இருக்கறவங்க வெளிய போகோணும்னா முன்னால நிக்கற வண்டிய எடுக்கோணுமில்ல? எல்லாச் சாவியும் எங்கிட்டத்தான் இருக்குது. பாருங்க." மஞ்சள் பையைக் குலுக்கிக் காட்டினார். இருபது கார்களின் சாவி கலகலவென்றது.

அப்பாவின் வலது கை தானாகப் போய்ச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

"சாவி குடுத்துப் பழக்கமில்லீங் அம்மணி."

"அப்ப எடுத்துட்டுக் கெளம்புங்கண்ணா. பின்னால மூணு வண்டி நிக்குது."

மணி மூன்று ஐம்பத்தைந்து.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் போங்க. நா..."

"வண்டியப் பாத்துக்கறேன்!" நானும் அம்மாவும் ஒரே குரலில் முடித்துவைத்தோம்.

அம்மா காரிலிருந்து இறங்கினாள். "கேளுங்க அம்மணி," என்று சரசக்காவிடம் திரும்பினாள். "எங் கல்யாணத்துல தாலியக் கட்டீட்டு, அச்சதைத் தலையோட லாரிக்கிட்டப் போயி நின்ன மனுசன் இவரு. பந்தில எம் பக்கத்து எல காலியாத்தான் கெடந்துச்சு."

"லோடு இருந்துச்சு அதுல," என்றார் அப்பா.

"எம் மனசுலயுந்தான் இருந்துச்சு."

இந்த வழக்கு எங்கே போய் முடிந்திருக்குமோ தெரியாது. அதற்குள் பின்னால் நின்ற பெரிய கார் ஒன்று உள்ளே நுழையப் பார்த்து, கேட்டுக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவில் குறுக்கே மாட்டிக்கொண்டது. ஓட்டியவருக்கு முன்னாலும் போகத் தெரியவில்லை, பின்னாலும் போகத் தெரியவில்லை. ஹாரன் மட்டும் நன்றாக அடிக்கத் தெரிந்திருந்தது. அப்பா சட்டென்று இறங்கிப் போனார்.

"ஹாரன உடுங்க. ரைட்ல ஒடிங்க... ஒடிங்க... இன்னும் ஒடிங்க... நேரா உடுங்க... போதும்!"

கார் வெண்ணெய் மாதிரி வெளியே வந்தது. அப்பா அந்த மனையை இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, வண்டிகள லோடு ஏத்தற மாதிரி அடுக்கி வெச்சிருக்கறீங்க. லோடுன்னா மொதல்ல ஏத்துனது கடசீல எறங்குனாப் போதும். வண்டி அப்பிடியா? அதான் உங்குளுக்கு ஊர்ச் சாவியெல்லாம் வேண்டியிருக்குது. சாச்சு நிறுத்தோணும். நடுவுல தடம் உடோணும். சாவியே வேண்டியதில்ல."

"அப்பிடி நிறுத்துனா எடம் பத்தாதுண்ணா."

"பத்தும். நாஞ் செஞ்சு காட்டறேன்." எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க போங்க சாமி. அஞ்சு நிமிசத்துல வாரேன்."

வாரேன்!

இந்த ஒரு சொல்லை அப்பா வாயிலிருந்து இதற்கு முன்னால் நாங்கள் கேட்டதில்லை. 'பாத்துக்கறேன்' மட்டும்தான் கேட்டிருக்கிறோம். நானும் அம்மாவும் நம்பிவிட்டோம். ஓட்டமும் நடையுமாக உள்ளே போனோம்.

மூன்று இருக்கை பிடித்தோம். நடு இருக்கையில் அம்மா டிபன் பையை வைத்தாள். அரங்கம் நிரம்பிக்கொண்டிருந்தது. முக்கால்வாசிக்கு மேல் சேலத்துக்காரர்கள். காலி இருக்கையைப் பார்த்து வந்தவர்களிடம் எல்லாம் அம்மா ஒரே பதில் சொன்னாள்: "ஆள் வருது."

கௌசி கோர்ட்டுக்கு வந்ததும் கண்ணால் எங்களைத் தேடினாள். அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நடுவில் டிபன் பையைப் பார்த்தாள்.

நான் கையை ஆட்டி 'வர்றாரு, வர்றாரு' என்று காட்டினேன். அவள் திரும்பிக்கொண்டாள்.

முதல் செட் போனது. கௌசி தூக்கிக் கொடுத்த பந்துகள் ஒன்று வலைக்கு மேலே, ஒன்று ஆளுக்குப் பின்னால். இரண்டாவது செட்டை எப்படியோ எடுத்தார்கள். மூன்றாவது மறுபடியும் போனது. ஒவ்வொரு செட் முடிவிலும் அவள் டிபன் பையைப் பார்த்தாள். டிபன் பை அப்படியே இருந்தது.

"ஆள் வருதுங்க," என்றாள் அம்மா, பதினோராவது முறையாக. கேட்டவர் சலித்துக்கொண்டார். "எந்த ஊர்ல இருந்துங்க வருது?"

நான்காவது செட்டில் எங்கள் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பதினெட்டுக்குப் பன்னிரண்டு. இதை எடுத்தால் ஐந்தாவது செட். கடைசி செட். அவளுக்கு இந்த அணியில் கடைசிப் பதினைந்து பாயிண்ட். நான் எழுந்து ஓடினேன்.

வெளியே வந்து சாலையைத் தாண்டியவள், அப்படியே நின்றுவிட்டேன்.

காலி மனை ஆளே மாறியிருந்தது. சாய்வாக இரண்டு வரிசை. நடுவில் அழகாக ஒரு தடம். மேடான பக்கம் நின்ற கார்களின் சக்கரத்துக்கெல்லாம் கல் முட்டுக்கொடுத்திருந்தது. சரசக்காவின் விசில் அப்பா கழுத்தில் தொங்கியது. சரசக்கா பணம் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் பை தட்டையாகிவிட்டது. அப்பா ஒரு புது காரை இரண்டு கையாலும் அழைத்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரரைப் பந்தலுக்கு அழைக்கிற மாதிரி.

"வா... வா... வா... லெஃப்ட்ல ஒடி... போதும்!"

என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "அம்மணி! இருபத்தெட்டு வண்டி நிக்கற எடத்துல முப்பத்தொண்ணு நிக்குது. ஒருத்தரு சாவியும் வேண்டியதில்ல!"

"நாலாவது செட்டு ஓடுதுங்ப்பா."

புன்னகை நின்றது. "நாலா? இப்பத்தான போனீங்க?"

"ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு. கௌசி ஒவ்வொரு செட்டுக்கும் உங்க சீட்டப் பாக்கறா. வாங்க."

அப்பா அரங்கத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் காரைப் பார்த்தார். விசிலைக் கழற்றினார். மறுபடியும் காரைப் பார்த்தார். கால் நகரவில்லை.

"சாவி உங்ககிட்டத்தான இருக்குது? பூட்டித்தான இருக்குது?" என்றேன்.

"அது சரி சாமி... ஆனா ஆளில்லாம எப்பிடி..."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கண்ணில் பிடிவாதம் இல்லை, பயம்தான் இருந்தது. நானும் இத்தனை நாள் அவருக்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். கேமரா உள்ள இடம், சுவர் உள்ள இடம், ரசீது கொடுக்கிற இடம். அவர் கேட்டதெல்லாம் ஓர் ஆள்தானே? என் கலர் அட்டவணையில் அந்தக் கட்டமே இல்லை.

"சாவியக் குடுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"நா வண்டியில உக்காந்துக்கறேன். நீங்க போங்க."

"உனக்கு மேட்ச்சு?"

"நாலாவது வரைக்கும் பாத்துட்டேன். எனக்கென்ன வாலிபால் தெரியும்? போங்கப்பா, அஞ்சாவது ஆரம்பிச்சிரும்."

சரசக்கா அப்போதுதான் விஷயத்தைப் புரிந்துகொண்டார். "ஏண்ணா, உள்ள ஆடறது உங்க பொண்ணா? பெத்த பொண்ணு ஆடுதுன்னு சொல்லாம, எம் பொழப்பப் பாத்துட்டு நின்னீங்களா இத்தன நேரம்? நல்ல ஆளுண்ணா நீங்க! மொதல்ல போங்க!"

அப்பா சட்டைப் பைக்குள் கை விட்டார். சாவி வெளியே வந்தது. என் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது.

"ஹேண்ட் பிரேக்குல கை வெக்காத. கல்ல எடுக்காத. கண்ணாடிய ஏத்தி வெச்சுக்க." நாலடி போனவர் திரும்பினார். "அப்ப இன்னிக்கு நீதான் கிளீனரு."

லாரியில் டிரைவருக்கு அடுத்த இடம் கிளீனருக்கு. எம்.எஸ்சி., எம்.ஃபில்.லுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அது. நடக்க ஆரம்பித்தார். பிறகு ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்ததே இல்லை.

காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங் சீட்டில். என் காரில், முதன்முறையாக.

அரங்கத்தின் சுவர் எதிரே நின்றது. அதற்குள்தான் என் தங்கை ஆடிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவர், மேலே நான்கு புறா. அப்பா மூன்று ஆட்டங்களிலும் பார்த்தது இதைத்தானா?

திடீரென்று உள்ளே இருந்து 'ஓ'வென்று ஒரு சத்தம். பதறிப்போய் இறங்கினேன். "அக்கா, என்ன ஆச்சுன்னு தெரியலையே..."

சரசக்கா சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "பாயிண்ட்டு விழுந்துருச்சு. அஞ்சாவது செட்டு ஆரம்பிச்சிருச்சு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இருவது வருசமா எதுத்தாப்புல இருக்கறேன். கபடின்னா சத்தம் இழுவையா வரும். வாலிபால்னா வெட்டி வெட்டி வரும். உங்க தங்கச்சி எந்த டீமு?"

"நாமக்கல்."

"அட, எதிர்க்கட்சியா? அப்ப ஒண்ணு பண்ணு. சத்தம் வரக் கூடாதுன்னு வேண்டிக்க. உள்ள இருக்கறதெல்லாம் எங்க ஊரு ஆளுக. கத்துனா எங்க பாயிண்ட்டு. கத்தாட்டி உங்க பாயிண்ட்டு."

"நீங்க உள்ள போய்ப் பாத்ததே இல்லீங்களாக்கா?"

"மேட்ச்சு நடக்கறப்பத்தான எனக்கு ஏவாரம்?"

இரண்டு பேரும் அப்படியே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். சத்தம். சே! அமைதி. அப்பாடா. அமைதி. சத்தம். சத்தம். என் வாழ்க்கையில் அமைதிக்காக இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்காகக்கூட. சரசக்கா விரல் மடக்கிக்கொண்டே வந்தார். "பன்னெண்டு பன்னெண்டு இருக்கும் பாரு..."

டீ வாங்குவதற்கு இளைஞர் ஒருவர் அரங்கத்திலிருந்து வெளியே வந்தார். "ஸ்கோர் என்னங்க?" என்று கத்தினேன். அவர் போனில் பேசிக்கொண்டே, யாரோ முகவரி கேட்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, கையை அந்தப் பக்கம் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பிறகு ஒரு சத்தம். சின்னது. பாதியிலேயே அறுந்தது.

பிறகு... ஒன்றுமே இல்லை.

அவ்வளவு பெரிய அரங்கம் வாயை மூடிக்கொண்டது. புளிய மரத்தில் அணில் கத்துவது கேட்டது. சரசக்கா ஸ்டூலிலிருந்து மெதுவாக எழுந்தார்.

"முடிஞ்சிருச்சு," என்றார். "எங்க ஊரு வீடு போய்ச் சேருது. உந்தங்கச்சி ஜெயிச்சிருச்சு, கண்ணு."

காரின் ஹாரனை அழுத்தினேன். ஒரு முறை இல்லை. கிளீனருக்கு அந்த உரிமை உண்டு.

அரை மணி நேரம் கழித்து மூவரும் வந்தார்கள். கௌசி கழுத்தில் மெடல். வரும்போதே சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, பன்னெண்டு-பன்னெண்டு. ஸ்டேடியமே கத்துது. எம் பக்கம் பந்து வருது. அப்பப் பாத்து மேல இருந்து ஒரு கொரலு... 'ரைட்ல ஒடி! ஒடி! ஒடி! போதும்!'"

"கத்துனது தெரியலீங் சாமி," என்றார் அப்பா. காது சிவந்திருந்தது.

"எங்க கோச்சே திரும்பிப் பாத்தாரு. அந்தக் கொரலு யாருன்னு எனக்குத் தெரியாதா? மேல பாத்தேன். டிபன் பை அம்மா மடியில இருந்துச்சு."

"ஒடிச்சியா?" என்றேன்.

"ஒடிச்சேனே! ரைட்லதான் குடுத்தேன். பாயிண்ட்டு!"

அப்பாவிடம் கேட்டேன், எப்படி இருந்தது ஆட்டம் என்று.

"பந்த நிறுத்தறா பாரு, அந்த எடம்... இஞ்ச் மாறல. எத்தன வேகத்துல வந்தாலும் கொண்டாந்து அங்கயே வெக்கறா." தலையை ஆட்டிக்கொண்டார். "நல்லாப் பார்க் பண்றா."

ஒரு டிரைவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு கிடையாது. கௌசி மெடலைக் கழற்றி அவர் கழுத்தில் போடப் போனாள். அங்கே ஏற்கெனவே சரசக்காவின் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போகும்போது கையில் இருந்ததை, ஓட்டத்தில் மறுபடி மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்தக் கடைசி செட் முழுக்க அந்த மனிதர் அதை ஊதாமல் இருந்தாரே, அதற்கு நடுவர் நன்றி சொல்ல வேண்டும்.

சரசக்கா நூறு ரூபாயை வாங்க மறுத்துவிட்டார். "அடுத்த ஞாயித்துக்கெழம கபடி. அண்ணன அனுப்பி வெய்யுங்க."

"கூட்டிக்கங்க," என்றாள் அம்மா. "சாவியோட கூட்டிக்கங்க."

அப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான்கு டயரையும் தட்டினார். கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். கதவைத் திறந்து உட்காரப் போனவர், முழங்கால் இடிக்க நின்றுவிட்டார்.

"சீட்ட எதுக்கு முன்னால நவுத்துன?"

கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் எதிர்பார்க்கக் கூடாது.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். நூறு, ஐம்பது, இருபது என்று சிலேட்டில் எழுதுகிறோம். நம் வீடுகளில் உண்மையான பார்க்கிங் கட்டணம் ஓர் ஆள். கல்யாணமோ, மேட்ச்சோ, பட்டமளிப்பு விழாவோ... யாரோ ஒருத்தர் வெளியே இருக்கிறார். பெரும்பாலும் ஒரே ஆள். நாம் உள்ளே போட்டோ எடுத்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் அது யார்? ஒரு தடவையாவது இடம் மாற்றிக்கொண்டதுண்டா?

மாற்றிக்கொள்ள முடியாவிட்டால் போகிறது. ஒன்றே ஒன்று செய்யுங்கள். மேட்ச் முடிந்து வரும்போது, நிறுத்தியிருக்கும் ஏதாவது வண்டிக்குள் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால், யாராக இருந்தாலும் சரி...

கண்ணாடியைத் தட்டி, ஸ்கோர் என்னவென்று சொல்லிவிட்டுப் போங்கள்.